கிளீனர் சித்தப்பா

ஆங்கிலத்தில் நான் முதன்முதலில் கற்ற சொல் 'கிளீனர்'. பள்ளிக்கூடத்தில் அல்ல, வீட்டில். சித்தப்பாவின் பெயரே அதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர். அதே லாரியில் அவருடைய சொந்தத் தம்பி கிளீனர். அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கு நாளெல்லாம் நடை. வண்டியில் கூப்பிட்டது போதாதென்று சாப்பிட உட்கார்ந்தாலும் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். "ஏய் கிளீனரு, சொம்ப எடு." பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். 'கிளீன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் தெளிந்தது, மாசற்றது என்று பொருள். துடைக்கிற, கழுவுகிற வேலையெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறந்த சொல்லுக்குச் 'சின்னது' என்று அர்த்தமாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பா எந்த அகராதியும் பார்க்காமலே அந்த அர்த்தத்தில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா வண்டி கழுவினால் ஆலை வாசலில் நின்று பார்ப்பார்கள். கல்தூசியில் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் சேறாகி அப்பிக்கொள்ளும். முதலில் காய்ந்த துணியால் தட்டி, பிறகு டீசல் தொட்டுத் துடைத்து, கடைசியில்தான் ஏரித் தண்ணீர். ஆனால் அவர் மனசெல்லாம் ஸ்டியரிங்கில் இருந்தது. லைசென்சும் எடுத்துவிட்டார். கிளீனராக ஏறியவன் ஒருநாள் டிரைவராவதுதான் லாரிக்காரர்கள் வழக்கம். டிரைவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். திருமானூரில் ஒரு பெண் வீட்டாரும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தார்கள். "டிரைவரு ஆவட்டுங்க, பேசி முடிச்சுடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதலாளி இரண்டாவது லாரி வாங்கினார். ஆயுத பூஜையன்று சாவி கொடுப்பதாக ஏற்பாடு. சித்தப்பா புதுக் காக்கிச் சட்டை தைத்து, அதை மடித்து வைத்துவிட்டு, விடியும் முன்னே இரண்டு வண்டியையும் கழுவி முடித்தார். பூஜை முடிந்ததும் முதலாளி எல்லார் முன்னாலும் அப்பாவிடம் கேட்டார்: "என்னப்பா, ஒந் தம்பி வண்டி எடுத்துடுவானா?"

அப்பா பானெட்டின் மேல் விரலை இழுத்து, தூசியில்லாத விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்களே பாருங்க மொதலாளி. டிரைவரு ஊருக்குப் பத்துப் பேரு கெடைப்பான். இவன வுட்டா கிளீனருக்கு எங்க போறது?"

எல்லாரும் சிரித்தார்கள். புதுக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற சித்தப்பாவும் சிரித்தார். சாவி பாடாலூர் ஆள் ஒருவனுக்குப் போயிற்று. அவன் வண்டியை நகர்த்துவதற்காகச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது சித்தப்பாதான். தம்பி தனக்குச் சமமாக உட்காருவதை அப்பாவால் பொறுக்க முடியவில்லை, வேறு காரணமே கிடையாது. திருமானூர்ப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு யாரும் பெண் பார்க்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம். மலஜலமெல்லாம் படுக்கையில்தான். எடுத்துப்போட்டுக் கழுவிவிடுவது கூடவே இருக்கும் சித்தப்பாதான். பெரம்பலூரிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறேன். படுக்கை விரிப்பில் ஒரு கறை பார்த்ததில்லை. அப்பாவின் வாய் கோணிப் பேச்சு குழறிப்போய்விட்டது. ஒரு சொல் மட்டும் பாழாய்ப்போகாமல் தெளிவாக வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அப்போதுதான் டீ டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்: "கிளீனர்." நாற்றம் கூடத்துக்கு வந்தது. நான் எழுந்தேன். சித்தப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்பா மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை அது அழுகையாக வந்தது.

"இருண்ணே," என்றார் சித்தப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இந்த வண்டி இனிமே எங்கயும் போவப் போறதில்ல. என்ன அவசரம்?"

எழுந்த நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.