மேகலாவின் எட்டுப் பாடல்கள்

டிரம்ஸ் வாசிக்கும் ஜெகன் அழைத்தபோது பெட்டாலிங் ஜெயா சாலை நெரிசலில் நின்றிருந்தேன். "அண்ணே, மேகலா போயிட்டாங்க." எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

கிள்ளான் கல்யாண மண்டபங்களில் சாப்பிட்ட உங்கள் எல்லாருக்கும் மேகலாவின் குரல் தெரியும். வார நாட்களில் ஒரு கிளினிக்கின் முகப்பில் நோயாளிகளின் பெயர் பதிவார். சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் குழுவில் சினிமாப் பாடல்கள் பாடுவார். நான் கீபோர்ட். பாடி முடித்ததும் யாராவது வந்து, "அப்படியே ஒரிஜினல் மாதிரி இருந்துச்சு லா" என்பார்கள். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "இருபது வருஷமா இதையேதான் சொல்றாங்க அண்ணே. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் சொந்தமாக ஓர் ஆல்பம் போட்டார். எட்டுப் பாடல்களையும் அவரே எழுதினார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியறையில், ஞாயிறு காலைகளில் பதிவு செய்தோம். மருந்துக்குக் காத்திருக்கும் கிழவர், பிள்ளையின் காய்ச்சலை லீவு போடாமல் சமாளிக்கும் தாய் என்று கிளினிக்கில் பார்த்தவர்களே பாட்டில் வந்தார்கள்.

"இவ்வளவு மெதுவா இருந்தா யாரும்மா கேப்பா?" என்றேன்.

"அவசரம் இல்லாதவங்க கேக்கட்டும்."

அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. வானொலிக்கு அனுப்பினோம், பதில் வரவில்லை. ஆல்பத்தின் வெளியீட்டு விழா நாளிலேயே எங்கள் குழுவுக்குக் காஜாங்கில் ஒரு கல்யாணம் வந்தது. ஒத்துக்கொண்டோம். அங்கே மேகலாவின் இடத்தில் வேறொரு பெண்ணைப் பாடவைத்தோம். அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல வந்து, "சவுண்ட் செக் முடிஞ்சிருச்சா அண்ணே?" என்று கேட்டார்.

சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸில் அவர் அலுத்துப் படுத்திருந்த கடைசி மாதங்களில்தான் எனக்கு வாய் வந்தது. "அன்னைக்கு நாங்க வந்திருக்கணும்மா."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பத்தொம்பது பேரு வந்தாங்க. நீங்க அஞ்சு பேரும் வந்திருந்தா இருபத்தி நாலு. அவ்வளவுதான் லா." பிறகு, "ஆனா வாசலப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

இறுதிச் சடங்கு வீட்டில் யாரோ அவர் பாடிய சினிமாப் பாட்டொன்றைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார்கள். ஆல்பத்தைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

என்னிடம் இருப்பது அவருடைய ஒரு மூச்சு. ஐந்தாவது பாட்டில், முதல் சொல்லுக்கு முன் அதை நீளமாக இழுத்திருந்தார். பதிவைத் திருத்தும்போது அதை வெட்டப் போனேன். "விட்டுருங்க அண்ணே. மூச்சு விடாமலா பாடுறேன்?" என்றார். விட்டுவிட்டேன். அவர் கேட்டு நான் செய்தது அது ஒன்றுதான்.