கண் மூடிய தாய்மாமன்

போன செவ்வாய்க்கிழமை முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் பத்தடி உயரத்துக்கு நின்றேன். பேனரில்தான்! பேத்தியின் காதுகுத்துக்கு நானே கம்ப்யூட்டரில் செய்த டிசைன்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், மிளகாய் மூட்டை தூக்கிப் பிறகு சொந்தமாக மண்டி வைத்தவன் — இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், வாராவாரம் சொல்கிறேன். அறுபத்திரண்டு வயதில் பரமக்குடிக்கு பஸ் ஏறிப்போய் போட்டோ டிசைன் வகுப்பில் சேர்ந்தேனே, அதுதான் புதுச் சேதி.

இங்கிலீஷ் வாசிக்க வராதே, எப்படி என்கிறீர்களா? திரையில் எல்லாம் படமாகத்தானே இருக்கிறது! வாளி என்றால் கலர் ஊற்றலாம். ஒவ்வொருவர் போட்டோவும் தனித்தனி லேயர் — கண்ணாடித்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. பக்கத்தில் சின்னதாக ஒரு கண். தட்டினால் அந்த ஆள் மறைவார். மறுபடி தட்டினால் வருவார். காலேஜ் பிள்ளைகள் நோட்ஸ் எழுதினார்கள். எனக்கு எதற்கு? விசிட்டிங் கார்டு, காலண்டர் என்று முதல் இரண்டு புராஜெக்ட்டையும் நான்தான் முதலில் முடித்தேன்.

மூன்றாவது புராஜெக்ட், குடும்ப விழா பேனர். அதைத்தான் கட்டியிருந்தோம். நானும் போய்ப் பார்த்தேன்... என்னைத்தான் பார்த்தேன். வீடு திரும்பினால் மருமகள் செல்வி அழுதுகொண்டிருக்கிறாள்.

"எங்கண்ணன் போட்டோ எங்க மாமா?"

"முன்னாலதானம்மா வச்சேன்!"

"இல்லையே! தோடு குடுக்க வந்தவரு, பேனரப் பாத்துட்டு அங்கனயே அடுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிட்டாராம். வெள்ளிக்கிழமை வரமாட்டேன்னு போன்ல சொல்லிட்டாரு."

வெள்ளிக்கிழமைதான் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா?

யோசித்தேன்... விளங்கிவிட்டது. செல்வியின் அண்ணன் முருகேசனை முன்னால், பெரிசாகத்தான் வைத்திருந்தேன். அவர் தோள் என் முகத்தில் பாதியை மறைத்தது. என் மீசையைக் கறுப்பாக்க வேண்டுமே என்று அவர் லேயரின் கண்ணை மூடினேன். மீசை பிரமாதமாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சேவ் பண்ணிவிட்டேன் — கண்ணைத் திறக்காமலே!

யார் வாசலிலும் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. பரமக்குடியில் முருகேசனின் நூல் கடை வாசலில் நின்றேன்.

"ஒங்க பேத்தி கையில இருக்க ஆட்டுக்குட்டிகூடப் பேனர்ல நிக்கிது. நான் இல்ல. அப்புறம் எதுக்கு மாமா நான் வரணும்?"

"நீங்களும் இருக்கீக மாப்ள. கண்ணத்தான் மூடி வச்சிட்டேன்."

"உசுரோட இருக்கவனுக்குக் கண்ண மூடிட்டீகளா!"

இனி வாயால் பேசிப் பயனில்லை. கையைப் பிடித்து வகுப்புக்கே இழுத்துப்போய் ஃபைலைத் திறந்தேன். கண்ணைத் தட்டினேன். பட்டுச்சட்டையோடு முருகேசன் வந்து நின்றார், எல்லாரையும்விடப் பெரிசாக!

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "மொதல்லேயே இம்புட்டுப் பெருசாவா வச்சிருந்தீக? இல்ல, இப்பத்தான் இழுத்து விட்டீகளா?"

பின்னாலிருந்து டீச்சர் சொன்னார், "ஒரு வாரமா ஒங்க மொகத்தத்தான் சார் நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "சேவ் பண்றதுக்கு முன்னாடி எல்லாக் கண்ணையும் பாருங்கன்னு சொன்னேன்ல ஐயா?"

வகுப்பே சிரித்தது. முருகேசனும் சிரித்துவிட்டார். "சரி, வாரேன் மாமா. ஆனா ஒங்க மூஞ்சி பாதி மறையுதே... என்னையக் கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. தள்ளவில்லை. அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுது ஊரையே கூட்டினாள்.

ஒருவரை நாம் மனசுக்குள் எவ்வளவு பெரிசாக வைத்திருந்தால்தான் என்ன? வெளியே தெரியாவிட்டால், அவருக்கு அது எப்படித் தெரியும்?

புதுப் பேனரில் நான் பாதிதான் தெரிகிறேன். பரவாயில்லை... முதுகுளத்தூரில் என்னை அடையாளம் காண பாதி மீசையே போதும்!