தூளிகள் தொங்கிய வகுப்பறை

லிந்துலை கடைவீதியில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "சார், நம்ம வேலாயுதம் மாஸ்டர் தவறிட்டாங்க. நேத்தே எடுத்துட்டோம்." எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். "வாத்தியாருங்க யாருக்கும் சொல்ல வேணாம், பள்ளிக்கூடத்த மூடிட்டு வந்துருவாங்கன்னு மாஸ்டரே சொல்லியிருந்தாங்க" என்றார். அவரோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

அவர் தலைமை ஆசிரியராக இருந்த தோட்டப் பள்ளியில் நான் உதவி ஆசிரியர். போய்ச் சேர்ந்த அன்றே, பின்வரிசைக்கு மேலே உத்திரத்தில் சேலைத் தூளிகள் தொங்குவதைப் பார்த்து, "இது பள்ளிக்கூடமா, பிள்ளைக்காம்பராவா?" என்று கேட்டேன். தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா கூரை இடிந்து கிடந்த காலம் அது. தாய் கொழுந்து எடுக்கப் போனால் கைக்குழந்தை அக்காளின் இடுப்பில். அக்காளின் படிப்பு லயத்து வீட்டு வாசலோடு சரி. மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புள்ளையப் பாக்க ஆளில்லன்னு ஒரு பொண்ணு நின்னுச்சுன்னா, நின்னது நின்னதுதான். அந்தக் கடைசித் தூளி தொய்யுது, கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க." கட்டினேன்.

வகுப்பில் வாய்ப்பாட்டுச் சத்தம் ஓயாது. அந்த இழுவைக்கு ஏற்றபடி பின்வரிசைப் பெண்கள் தூளியை ஆட்டுவார்கள். குழந்தைகள் அயர்ந்து தூங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும். எழுத்து வேலை கொடுக்கவே எனக்குப் பயம்.

தூளி ஆட்டும் பின்வரிசைப் பெண்களில் லெச்சுமி கணக்கில் கெட்டி. நுவரெலியாப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க ஒரு சோதனை எழுத வேண்டியிருந்தது. தேறாவிட்டால் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சோதனை நடத்த அங்கிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். யாரும் மூச்சுவிடக் கூடாது என்றார். அந்த அமைதியில் அவள் தம்பி ராசு வீறிட்டான். லெச்சுமி பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ உக்காரு" என்ற மாஸ்டர், ராசுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஏழாம் வாய்ப்பாட்டை இழுக்க ஆரம்பித்தார். வந்தவர் பதறிப்போய் வெளியே ஓடினார். "கணக்குச் சோதனை நடக்குது. நீங்க வாசல்ல நின்னு விடை சொல்றீங்களா?"

மாஸ்டர் வாதாடவில்லை. கோட்டைக் கழற்றிப் பிள்ளைமேல் போர்த்திக்கொண்டு தூறலில் தேயிலைக்குள் இறங்கினார். குரல் எட்டாத தூரத்தில், செடிகளுக்கிடையே மேலும் கீழும் நடந்தார். தலை ஆடுவது மட்டும் சன்னல் வழியே தெரிந்தது. திரும்பி வந்தபோது காலெல்லாம் அட்டை. "முடிச்சிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றுதான்.

லெச்சுமி தேறினாள். இன்று ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். ராசுவை எங்கே கண்டாலும் மாஸ்டர், "ஒங்க அக்காளுக்கு முந்தியே வாய்ப்பாடு படிச்சவன்டா நீ" என்று சீண்டுவார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தூளி கட்டும் பழக்கம். இப்போது நான் இருக்கும் தோட்டத்துப் பள்ளியிலும் மூன்று தொங்குகின்றன. செய்தி கேட்ட மறுநாள், பிள்ளைகளிடம் மாஸ்டரைப் பற்றிச் சொல்லி, எழுந்து இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு தூளியில் அழுகை கிளம்பியது, பிறகு மற்ற இரண்டிலும். பின்வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றேன். நின்றபடியே சொன்னார்கள்.