இருபது கேஜும் விசா கேள்வியும்

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கணவரோடு கடைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தியிருந்த துப்பாக்கி வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் விலைச்சீட்டு. இர்விங் நகரில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து கடை இருபது நிமிடத் தூரம்.

அதுவரை, வீசியெறியும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகும் மைதானத்தில் எனக்கு வாடகைத் துப்பாக்கிதான். செப்டம்பரில் புறா வேட்டைக்குப் போனபோது அலுவலகத் தோழியுடையது. இரண்டுமே இரட்டைக் குழல், பன்னிரண்டு கேஜ்; கேஜ் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், உதையும் குறையும். ஒரு பெட்டி தோட்டா சுட்டால் தோள் இரண்டு நாள் கன்றிக் கிடக்கும். செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு பங்கு அடுத்த தோட்டாவை ஏற்றப் போய்விடுவதால் உதை குறையும் என்றாள் தோழி.

கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டுப் பிறகு திறக்கச் சொன்னார். பன்னிரண்டு கேஜில் குழல் முனையிலிருக்கும், குறிபார்ப்பதற்கான சிறு மணி எனக்குத் தெரியவே இல்லை. தோளில் பதியும் பின்கட்டை குட்டையான இருபது கேஜில் மணி கண்ணுக்கு நேர் எதிரே நின்றது.

“கரப்பான்பூச்சிக்கு என்னைக் கூப்பிடுற ஆளு நீ,” என்றார் கணவர்.

“கரப்பான் மூஞ்சிக்கு நேரா பறந்து வருதுப்பா. புறா தள்ளித்தானே போகுது.”

இருபது கேஜ் செமி ஆட்டோமேட்டிக் என்று முடிவானது. பெண்மணி அரசாங்கப் படிவத்தை நீட்டினார். தற்காலிக விசாவில் இருப்பவரா என்று ஒரு கேள்வி.

“நமக்குத்தான் கிரீன் கார்டு அப்ரூவ் ஆயிடுச்சே. நோ போடும்மா.”

போட்டேன். இரண்டு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தோம். அபார்ட்மென்ட் கிளப் ஹவுசில் கேக்கும் வெட்டினோம்.

முன்பு நான் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தபோது, அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை படிப்போம். கையெழுத்துக்கு முன் படிவத்தையும் அப்படிப் படித்தேன். பொய்யான பதில் குற்றம் என்று கீழே இருந்தது. மேலே நான் குறித்த ‘நோ’.

“ஏம்ப்பா, அப்ரூவ் ஆனது கார்டு கேட்டு கம்பெனி போட்ட பெட்டிஷன்தானே? கார்டுக்கு இன்னும் க்யூலதானே நிக்கிறோம்? நான் இன்னும் எச்-ஒன்-பி வேலை விசாலதான்.”

“ஐயோ. சைன் பண்ணிட்டியா?”

“இல்ல.”

“மொதல்ல பேனாவைக் கீழ வை.”

அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் கிரீன் கார்டு போயிருக்கும். வேலையும், இருவரும் இங்கே இருப்பதும் அதோடு போயிருக்கலாம். பெண்மணியிடம் தவறைச் சொன்னேன். மேலாளரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கையெழுத்து இல்லையென்றால் அது வெறும் காகிதம் என்று சொல்லி, படிவத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு, வேட்டை உரிமம் இருக்கிறதா என்று கேட்டார். விசாவில் இருப்பவரும் அது இருந்தால் வாங்கலாம். புறா வேட்டைக்காக எடுத்த உரிமம் பர்சில் இருந்தது, செல்லுபடியாகும் நிலையில்.

புதுப் படிவத்தில் ‘யெஸ்’ குறித்தேன். விலக்கு உண்டா என்ற அடுத்த கேள்விக்கும் ‘யெஸ்’.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நாப்பது பேரைக் கூப்பிட்டு கேக்கு வேற வெட்டினோமே!” என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. பெண்மணி படிவத்தை எடுத்துக்கொண்டு கணினிப் பக்கம் போனார்.

வாங்குபவரைப் பற்றி அரசாங்கம் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பு அன்றே முடியவில்லை. புதன்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்குக் கடையிலிருந்து அழைத்து, துப்பாக்கியை எடுத்துப்போகச் சொன்னார்கள்.