அண்ணாச்சி வைத்த சிவப்பு வாளி

சிலிக்கான் பசைக்குப் புளித்த காடி வாடை. இன்றும் எங்காவது ஜன்னல் கண்ணாடி ஒட்டுகிற இடத்தில் அது மூக்கில் ஏறினால், ராஜபாளையத்தில் நாங்கள் முதலில் குடியிருந்த மாடி வீடு ஞாபகம் வந்துவிடும்.

கல்யாணமாகி ஒரு வருடம். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனைவி மல்லிகா மாசமாக இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் தம்பி, தானே கண்ணாடி வெட்டி ஒட்டிய மூன்றடி மீன் தொட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"அக்கா மீனப் பாத்துக்கிட்டே இருக்கட்டும் அத்தான். புள்ள அமைதியாப் பொறக்கும்."

இரண்டாவது வாரமே அடி மூலையில் ஈரம். சோப்பை அப்பினேன், மெழுகு உருக்கி ஊற்றினேன்... நிற்கவில்லை. மச்சினனிடம் சொல்ல முடியாது. பெண் எடுத்த வீட்டிலிருந்து ஆசையாகச் செய்துகொண்டு வந்த பொருள் ஒழுகுகிறது என்றால், பேச்சு தொட்டியோடு நிற்காது. அதனால் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிடுவேன்.

"எம்புட்டுத்தான் வத்தும்?" என்று மல்லிகா ஒருநாள் கேட்டாள்.

"மீனும் குடிக்கும்ல" என்றேன்.

அவள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கீழே வீட்டுக்காரர், சங்கரலிங்கம் அண்ணாச்சி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து பேண்டேஜ் துணி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். முன்னறை முழுக்க வெள்ளை வெளேரென்று மூட்டைகள். கைக்கு வந்த ஓய்வுப் பணமெல்லாம் அந்த அறையில்தான் இருந்தது. சரக்குக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"தொட்டி, குழாய் திடீர்னு ஒடஞ்சு தண்ணி வந்தா பணம் உண்டு அண்ணாச்சி. கொஞ்சங்கொஞ்சமாக் கசிஞ்சா கிடையாது" என்று நானே வரிவரியாக விளக்கியிருந்தேன்.

"நம்ம ஊருல அம்புட்டுத் தண்ணி எங்கயிருந்து வரப்போவுது தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சத்தம்தான். மூலைக் கண்ணாடி பெயர்ந்து, அவ்வளவு தண்ணீரும் தரையில். மாடித் தரையில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. மீன்களைப் பொறுக்கிக் குண்டானில் போட்டுவிட்டு நான் கீழே ஓடியபோது, தண்ணீர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. காயத்தில் கசிவதை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி... அன்றும் தன் கடமையைக் குறைவில்லாமல் செய்தது. பாதிச் சரக்கு போயிற்று.

அண்ணாச்சி ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"சர்வேயர் வருவாரு. முன்னாடி கசிவே இல்ல, இன்னைக்குத்தான் ஒடஞ்சுதுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"பாப்போம் தம்பி."

சேதத்தை மதிப்பிட மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"இதுக்கு முந்தி கசிவு ஏதும் இருந்துச்சா?"

"இல்ல சார்."

தலையாட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தவர், உள் மூலையில் நின்றார். அங்கே மட்டும் மூட்டைகளை விலக்கி அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு வாளி. அந்த வாளியை நானே அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

"இது எதுக்கு?"

"சொட்டுச்சு சார். முப்பது நாளா" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்சும் மேல போய்ச் சொல்லலையா?"

"மேல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு. இந்த நேரத்துல போயி தொட்டியத் தூக்கு, தரையக் கொத்துன்னு சொல்ல முடியுமா? வீட்டுல ஆணிகூட அடிக்கக் கூடாதும்பாவ. பிரசவம் முடியட்டும்னு இருந்துட்டேன்."

சர்வேயர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒரு காரணத்தை எழுத அதில் கட்டம் இல்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொய் சொன்ன ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் தங்காது.

"தம்பிக்குத் தெரியாது சார். அவருகிட்ட நான் சொல்லவே இல்ல" என்றார் அண்ணாச்சி.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாலிசிப் பணம் கிடையாது என்றாகிவிட்டது. சர்வேயரின் கார் தெருமுனை திரும்பியதும் சொன்னேன்: "தொட்டி ஒழுகுறது எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"தெரியும்னு எனக்கும் தெரியும்லா. தெனம் ஆறரைக்கு நீங்க தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். அதுக்குப் பொறவுதான் நான் வாளிய எடுத்து வைப்பேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வீணாக்கல தம்பி. கறிவேப்பிலைக்குத்தான் ஊத்துனேன்" என்றார்.

அந்தக் கறிவேப்பிலைதான் காலையில் மாடிக்கு வரும். மல்லிகா ரசத்தில் போடுவாள். ஒரு மாதமாக என் தொட்டித் தண்ணீரை நானே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நனைந்த துணியை அவர் மறுபடி வெளுக்கக் கொடுத்து, மெஷின் துடைக்கிற துணியாக வந்த விலைக்குத் தள்ளினார். முன்னறை பழையபடி நிறைய இரண்டு வருடம் ஆயிற்று. என்னை அவர் காலி செய்யச் சொல்லவில்லை. நான் போட்ட பாலிசியையும் புதுப்பித்தார். அதுதான் அதிகம் வலித்தது.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியையே எழுப்பிவிட்டுத்தான் பிறந்தாள். மீன் பார்த்ததன் பலன் இன்றுவரை தெரியவில்லை.

இப்போது சென்னையில், ஒன்பதாவது மாடியில் அவள் வீட்டிலும் ஒரு மீன் தொட்டி. அடியில் சென்சார்.

"ஒரு சொட்டு விழுந்தாலும் மூணு செகண்ட்ல போன் கத்தும்ப்பா. கீழ் வீட்டுக்கு டேமேஜ் ஆனாலும் இன்சூரன்ஸ் கவர் ஆகும்."

"கீழ யாரும்மா இருக்காவ?"

"தெரியலப்பா. வாட்ஸாப் குரூப்ல இருப்பாங்க."

பாலிசியை வாங்கி நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். நல்ல பாலிசி, எங்கேயும் ஓட்டை இல்லை. சென்சாரையும் சோதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விட்டேன், சொன்னபடி மூன்றே நொடியில் கத்தியது.

கசிவைச் சொல்ல அண்ணாச்சி முப்பது நாள் எடுத்துக்கொண்டார். அப்போதும் என்னிடம் சொல்லவில்லை.