உங்கள் அறைச் சுவரும் நகரசபைக் கூட்டமும்

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வளவில், புதுக் கட்டடத்துக்குக் கிடங்கு தோண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் யன்னலில் ஏறி நின்று மஞ்சள் இயந்திரத்தைப் பார்ப்பீர்கள். நான் யன்னலுக்குக் கீழே பார்ப்பேன். சுவரில் மயிர் போல ஒரு வெடிப்பு வந்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் முதல் வேலை அதைத் தடவிப் பார்ப்பதுதான். முதலில் மயிர், பிறகு ஒரு தாள் நுழையும் அளவு. ஐப்பசி முடியும்போது என் நகம் உள்ளே போனது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது.

பழைய வீடென்றால் இப்படித்தான் என்றான் வீட்டுக்காரன். நகரசபைக்கு முறையிட்டேன். ஒரு பரிசோதகரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் வரும் நாளில் எனக்கு லவாலில் வேலை, லீவு கிடைக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி விளங்கியிருக்கிறது. வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வருகிறார், அதுவும் அரசாங்க ஆள். மேல்மாடி அண்ணையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்:

“ஆக்கள் வாற நேரம் சுவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தா என்ன நினைப்பினம்? வீடு வைச்சிருக்கத் தெரியாத சனம் எண்டெல்லோ நினைப்பினம்.”

“அதுக்கென்ன தங்கச்சி, என்னட்டை மிச்சப் பெயின்ற் கிடக்கு.”

அண்ணை மன்னார் ஆள். யார் வீட்டிலாவது எதையாவது பூசிக் கொடுக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. வெடிப்பை அடைத்து, தேய்த்து, வெள்ளை பூசிவிட்டார். பரிசோதகர் வந்தார், தேநீர் குடித்தார், ரோல்ஸ் சாப்பிட்டார். அம்மா சுவரைக் காட்டினார். அவரும் தடவிப் பார்த்தார்.

“நல்ல மனுசன். சுவர் வடிவாயிருக்கு எண்டவர்,” என்று அம்மா பின்னேரம் எனக்குச் சொன்னார்.

“அந்த வெடிப்பைப் பாக்கத்தானேயப்பா அவர் வந்தவர்!”

“பிழை கிடங்குப் பக்கமெல்லோ? படிச்ச ஆக்கள் அங்கை போய்ப் பாப்பினம் எண்டு நினைச்சன்...” சொல்லும்போதே அவருடைய முகம் மாறிவிட்டது.

இனி இருக்கும் வழி நகரசபைக் கூட்டம்தான். அங்கே கேள்வி கேட்க முதலே பெயர் பதியவேண்டும், ஒருவருக்கு ஒரு கேள்வி. நானும் அம்மாவும் பதிந்தோம். அண்ணையும் துணைக்கு வந்தார். உங்களைப் பார்த்துக்கொள்ள அண்ணையின் மனைவி, மேல்மாடி அன்ரி, எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தா.

எங்களுக்கு முன்னால் எலியைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் கேட்டார்கள். ஒருவர் கார் நிறுத்த இடமில்லை என்று கத்தினார், சனம் சிரித்தது. என் முறை வந்தது. கூட்டத் தலைவி கையிலிருந்த பரிசோதகரின் அறிக்கையைப் பார்த்து வாசித்தார்: வெடிப்பு எதுவும் காணப்படவில்லை, சுவர் புதிதாக வர்ணம் பூசி நல்ல நிலையில் இருக்கிறது. நன்றி, அடுத்தவர்.

“நான் கொஞ்சம் திறமாத்தான் பூசிப்போட்டன் போல,” என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தவர் அம்மா. பாடமாக்கி வந்த கேள்வியை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்: “நாங்கள்தான் பூசினோம். விருந்தாளி வருகிறார் என்று பூசினோம். பூசிய இடம் திரும்பவும் கிழிந்துவிட்டது. இன்று காலை என் விரல் உள்ளே போனது.”

மேசையின் ஓரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். நகரசபைப் பொறியியலாளர் அவர்.

“எப்போது அடைத்தீர்கள்?”

“போன மாதக் கடைசியில்.”

அவர் எழுந்துவிட்டார். “பழைய வெடிப்பென்றால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம், அம்மா. புதிதாக அடைத்தது கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அது யார் படுக்கும் அறை?”

“பிள்ளைகள்.”

“இப்போது எங்கே இருக்கிறார்கள்?”

“அங்கேதான்.”

தலைவி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். “நீங்கள் போங்கள். தீயணைப்புப் படைக்கு நான் சொல்கிறேன்,” என்றார் பொறியியலாளர்.

வாசலுக்கு ஓடும்போதே அண்ணை ஃபோன் எடுத்தார்.

“இஞ்சரும், பிள்ளையளை வெளியால கூட்டிக்கொண்டு வாரும்.”

அன்ரியின் குரல் எனக்கும் கேட்டது. “இப்பத்தான் சோறு போட்டனான், சாப்பிட்டு முடியட்டுமன்.”

“சோத்தை விடும்! கெதியா இறங்கும்!”

நாங்கள் வந்து சேர, நீங்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் போர்வையோடு நின்றீர்கள், வெறும் காலுறையோடு. தீயணைப்புப் படையினர் வீட்டைச் சுற்றி யாரும் போகாதபடி நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவளே, நீ பள்ளிக்கூடப் பையை எடுக்கவேண்டும் என்று நாடாவுக்குக் கீழே குனிந்தாய். அம்மா இழுத்த இழுப்பில் உன் கையில் விரல் அடையாளம் பதிந்துபோனது.

“அது என்ர பாக்,” என்று நீ அழுதாய், மகள்.

தீயணைப்புக்காரர் ஒருவர் சுவரோரம் டோர்ச் அடித்துப் பார்த்தார், பின்னர் மற்றவர்களைக் கையசைத்துப் பின்னால் போகச் சொன்னார். உங்கள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட ஒருவரையும் உள்ளே விடவில்லை.