நாத்தனார் முடிச்சும் ஒரு காதுமூடியும்

மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தமிழ்ச்செல்விக்கு வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் நாள் முழுக்க நிம்மதி. சத்தம்தான் ஆகாது. தவில் முழங்கினால் பல்வேர் வரைக்கும் வலிக்கும். பதினோரு வயதில் ஒரு கல்யாண வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா இருசம்மாள் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துவிட்டு, ஊரே பார்க்கிறது, நடிக்காதே என்றாள். வலியில் துடிக்கிற பிள்ளைக்கு நடிப்பென்று பேர் வைப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுகிற நேரம் அவள் மண்டபத்துக்கு வெளியே செருப்புகளோடு நிற்பாள்.

போன வருஷம், முப்பத்தொரு வயதில்தான், அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். காது மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், அது பிறவி அமைப்பு என்றார். பேர் கிடைத்ததே தவிர, மனசு பழைய பல்லவியை விடவில்லை. எல்லாரும் தாங்குகிறார்கள், நான்தான் லாயக்கில்லாதவள்.

தம்பி அருண்பாண்டியனுக்குச் சிதம்பரத்தில் பெண் நிச்சயமானதும் அது இன்னும் ஜாஸ்தியானது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால், மீதி இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அந்த நேரம்தான் கெட்டிமேளம். கூடப் பிறந்தவள் இவள் ஒருத்தி. பெரியப்பா மகளைப் போட வைக்கலாம் என்று இருசம்மாள் முடிவே பண்ணிவிட்டாள். மேளத்தை மெதுவாக வாசிக்கச் சொல்கிறேன் என்றான் தம்பி. அபசகுனம் காதில் விழாமலிருக்கத்தானே கெட்டிமேளம், அந்த நேரம் பார்த்து யாராவது தும்மித் தொலைத்தால் என்ன செய்வது என்று அம்மா அவன்மேல் சீறினாள்.

தமிழ்ச்செல்விக்கு ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. மறுபக்கம் வயிறு எரிந்தது. அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்.

கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுக்கக் கம்மாபுரத்தில் தம்பி தங்கியிருந்த அறைக்குப் போனாள். அவன் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். ஆணியில் ஹெல்மெட்டும், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காதுமூடியும் தொங்கின. அது எதற்கு என்று கேட்டாள்.

"மெஷின் சத்தத்துக்குக்கா. போடலைன்னா உள்ளயே வுட மாட்டாங்க."

போட்டால் யாராவது கேலி பண்ணுவார்களா என்று கேட்டாள். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சத்தம் கூடினால் காதை மூடு என்பது அவனுக்குச் சட்டம், எனக்கு மட்டும் நடிப்பா? காது வலித்ததைவிட, வலிக்கக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டதுதான் இத்தனை வருஷமும் அதிகம் வலித்திருக்கிறது. கேட்டு வாங்கி வந்த காதுமூடி மடியில் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னாள்.

"முடிச்சு நான்தான் போடுவேன். இத மாட்டிக்கிட்டுத்தான் போடுவேன்."

இருசம்மாள் மூன்று நாள் பெரியப்பா மகள்தான் என்று மல்லுக்கு நின்றாள். இவளும் விடவில்லை; கடைசியில் எப்படியோ போ என்றாள் அம்மா. தமிழ்ச்செல்வி தினமும் காதுமூடியை மாட்டிக்கொண்டு, செல்போனில் கெட்டிமேளத்தை அலறவிட்டு, நூலில் முடிச்சுப் போட்டுப் பழகினாள். அசிங்கம் என்று மனசு சொல்லும்போதெல்லாம், வலி அசிங்கமில்லை என்று அதற்குப் பதில் சொல்லவும் பழகினாள்.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் கண்ணெல்லாம் அவள் தலையிலிருந்த காதுமூடிமேல்தான். மணப்பெண் எழிலரசி விஷயம் தெரிந்தவள். தானே பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுக் கயிற்றைக் கொடுத்தான். தமிழ்ச்செல்வி குனிந்ததும் காதுமூடி இடது பக்கம் நழுவிவிட்டது. சத்தம் மொத்தமும் உள்ளே இறங்கியது. இரண்டு கையிலும் தாலிக்கயிறு. லாயக்கில்லாதவளே, ஓடு என்றது மனசு. வலிக்கிறது, அவ்வளவுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது முடிச்சைப் போட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மூன்றாவதற்குக் கயிற்றை வளைத்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து மூடியைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. அம்மாவின் கை. இருபது வருஷத்துக்கு முன்னால் இவள் கைகளைக் காதிலிருந்து பிடுங்கிய அதே கை. முடிச்சு இறுகும்வரை அது நகரவில்லை.

போட்டோவில் மாப்பிள்ளை முகத்தில் பாதியை இருசம்மாளின் முழங்கை மறைத்துவிட்டது. மேளம் நின்ற பிறகு, காதுமூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை முடிச்சுப் போடுவதுபோல் நிற்கச் சொன்னார் போட்டோக்காரர். தமிழ்ச்செல்வி வாயைத் திறக்குமுன் இருசம்மாள் அவரிடம் சொல்லிவிட்டாள்.

"வேணாம் தம்பி. எடுத்ததே இருக்கட்டும்."